இம்பீரியலுக்கு மட்டும் தடை

ஜூலை 11, 1983

இருமினால் இன்னும் விலா வலிக்கிறது. போன வருட இடிப் போட்டியில் தம்பி டெல்மர் முறித்த மூன்று எலும்புகள். கடைசிவரை ஓடும் வண்டிக்குத்தான் கோப்பை, யாரையும் எப்படியும் இடிக்கலாம், ஓட்டுபவரின் கதவை மட்டும் தொடக் கூடாது. அவன் தன் காடிலாக் காரை நேராக என் கதவில் இறக்கினான். "சகதி வழுக்கிடுச்சுக்கா" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தப் பல்லை உடைக்காமல் விடமாட்டேன்.

ஜூலை 14

போட்டியை நடத்தும் ஹார்லன் விதியை மாற்றிவிட்டான். கூட்டம் குறைகிறதாம். இதுவரை தடை செய்திருந்த இம்பீரியல் காருக்கும் இந்த வருடம் அனுமதி! என் பழைய இரும்புக் கடையின் பின்புறம் அறுபத்து நான்காம் வருடத்து இம்பீரியல் ஒன்று நிற்கிறது. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 20

காபிக் கடையில் டெல்மர். லிங்கன் கார் வைத்திருப்பவர்கள் அதன் எடையைச் சொல்வார்கள். காடிலாக்காரர்கள் எஞ்சினைச் சொல்வார்கள், தண்ணீர் வற்றினாலும் ஓடுமாம். இம்பீரியல்காரர்கள் நாங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். பாதி அயோவா மாநிலத்தில் இம்பீரியலைப் போட்டிக்குள்ளேயே விடுவதில்லை, நசுங்கித் தொலைய மாட்டேன் என்கிறது என்று. இதைவிட ஒரு சான்றிதழ் வேண்டுமா?

"உனக்கு வயசாச்சுக்கா. வீட்ல உக்காந்து ஆப்பிள் பை சுடு."

"உன் கதவ உள்ள தள்ளிட்டு வந்து சுடறேன்டா."

கடையே சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6

கண்ணாடியெல்லாம் எடுத்தாயிற்று. கதவுகளுக்கு வெல்டிங். புது பிரேக். வண்டியின் அடிச்சட்டம், அந்தச் சேஸியில் சம்மட்டியால் ஓங்கி ஒன்று போட்டேன். சம்மட்டி எகிறி என் முழங்காலில் விழுந்தது. வலியோடு முத்தம் கொடுத்தேன் அந்த இரும்புக்கு.

ஆகஸ்ட் 14

நேற்று போட்டி. பதினோரு வண்டிகள். பின்பக்கமாகவே போய் இடித்தேன், முன்னால் இருக்கும் ரேடியேட்டர் தப்பிக்க. ஒரு லிங்கனின் முன்சக்கரம் பிய்ந்து வேலிவரை உருண்டது. இன்னொன்றை இரண்டாக மடித்தேன். வாயெல்லாம் ரத்தம், நாக்கைக் கடித்திருக்கிறேன், தெரியவே இல்லை.

கடைசியில் நானும் டெல்மரும். அவன் எஞ்சின் நின்றுவிட்டது, ஒரே நீராவி. எல்லா வண்டியிலும் ஓட்டுபவரின் கதவில் ஒரு குச்சி கட்டியிருக்கும், அதை முறித்தால் சரணடைந்ததாக அர்த்தம், அப்புறம் யாரும் தொடக் கூடாது. அவன் கை வெளியே வந்தது. குச்சி முறிந்தது. நான் திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸில் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தேன் —

அவன் கதவு இருக்கைவரை உள்ளே போய்விட்டது. அவன் கத்தியது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது.

ஹார்லனிடம், "குச்சி தெரியல, ஒரே புகை" என்றேன்.

ஆகஸ்ட் 16

கதவுப் பக்கம் இருந்த இடது காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே. அவன் மனைவி ரோவீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாக்கலதான?" என்று கேட்டாள்.

"பாக்கல."

கட்டிக்கொண்டு அழுதாள். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 19

இம்பீரியலைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தடவுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். "சேஸி ஒரு நூல்கூட வளையல, பாரேன்!" ஒருவன் சொன்னான்: "இது கிளம்பிட்டா அந்தக் கடவுளாலயும் நிறுத்த முடியாது." ஸ்பானரை அவன்மேல் எறிந்தேன். காதோரம் கிழிந்தது. எல்லோரையும் விரட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கிறது. முதல் மிதியிலேயே.

செப்டம்பர் 8

போட்டிக் குழு கூடியது. இம்பீரியலுக்கு நிரந்தரத் தடை. எல்லோரும் கை தூக்கினார்கள், நானும்தான். ஹார்லன் முதுகில் தட்டினான். "தப்பு வண்டி மேலதான், வெர்னா. அடுத்த வருஷம் வேற வண்டியில வா."



செப்டம்பர் 9

டெல்மர் வீட்டுக்கு வந்துவிட்டான். தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன். "நீ முறிச்சத பாத்தேன்டா. நிறுத்த நேரம் இருந்துச்சு. நிறுத்தல."

"தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேனே."

"அப்புறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்னத் தடை பண்ணிடுவானுங்க. பண்ணிட்டா நான் யார இடிக்கறது?" குனிந்து துண்டான காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். "இடது காலு தானக்கா போச்சு. காடிலாக்குல கிளட்ச் கிடையாது. வலது காலு போதும்."

என் தம்பிதான். எனக்குள் இருக்கும் அதே வெறி.

செப்டம்பர் 12

சனிக்கிழமையே ஹார்லனிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மறுபடி குழுவைக் கூட்டினான். ஆயுள் முழுக்கத் தடை, எனக்கு. காபிக் கடையில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. டெல்மர் போனில் கெட்ட வார்த்தையாகக் கொட்டினான். கடைசிவரை கேட்டுவிட்டு, "வியாழன் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வைத்துவிட்டான்.

செப்டம்பர் 15

காலை எட்டு மணிக்கே டெல்மர் வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். ரோவீன் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். டெல்மர்தான் ஊன்றுகோலோடு வந்து திறந்தான். திறந்ததும் ஊன்றுகோலைத் தூக்கி என் தோளில் பலம் கொண்டமட்டும் ஒன்று போட்டான். தடுமாறி விழப் போனவனை நான் பிடித்துக்கொண்டேன்.

"விடு" என்றான். பிறகு, "மெதுவா ஓட்டு."