பெரியவர்களுக்கான படிவம்

அம்மான், செப்டம்பர் 17, புதன் மாலை

அன்பு லுஜைன்,

ஞாயிற்றுக்கிழமை உன் தாத்தாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்: “மாமா, உங்க கையெழுத்து இதுல செல்லாது.” ஐந்தே சொற்கள். வாய் வரவில்லை. மற்றபடி நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், இறைவனுக்கு நன்றி, நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இந்த வாரத் தண்ணீர் நேற்றுத்தான் வந்தது, மாடித் தொட்டி நிரம்பும்வரை அப்பா குழாயை விட்டு நகரவில்லை, அவருக்கும் கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் இப்போது பொழுது போகிறது.

போனில் நீ கல்தூன் சித்தப்பாவைப் பற்றி மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் “நரம்பு வீக்கம், குறைகிறது” என்றேன். அது வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்த பதில், அவனுக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தோம். உண்மை வேறு. அவனுக்கு மூளையின் நட்டநடுவில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம், வேகமாக வளரும் வகை. பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு வருவது, எப்போதாவது முப்பத்து மூன்று வயது புவியியல் ஆசிரியருக்கும் வருகிறது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் இந்தக் கட்டிக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள், குழந்தைகள் பெரியவர்கள் இருவரையும் சேர்க்கிறார்கள், ஆனால் கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரத்துக்குள் முதல் மாத்திரையை விழுங்கியாக வேண்டும். நாளை வியாழனோடு அவனுக்கு ஆறு வாரம் முடிகிறது.

ஞாயிறன்று குழந்தைகள் பிரிவின் கூடத்தில் காத்திருந்தோம். அங்கே இருப்பது மஞ்சள் நிறக் குட்டி நாற்காலிகள், கல்தூன் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, “அண்ணி, கடைசியில என்னை மறுபடி பாலர் பள்ளியில சேத்துட்டீங்க, மத்தியானம் தூங்கவும் வைப்பீங்களா?” என்றான். புதிதாக வந்த நர்ஸ் எல்லா அப்பாக்களுக்கும் கொடுப்பதுபோலத் தாத்தா கையிலும் சம்மதப் படிவத்தைக் கொடுத்துவிட்டாள். தாத்தா அவனைக் காப்பி வாங்க அனுப்பிவிட்டு என்னிடம், “இதை அவன் படிக்கக் கூடாதும்மா, முதல் வரியிலேயே அந்தப் பேரு இருக்கு. எம் பிள்ளைக்கு நான் போடாம வேற யாரு போடுறது?” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். குழந்தையின் வயது என்ற கட்டத்தில் 33 என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். பதினெட்டு வயதுக்கு மேல் நோயாளியே படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் கல்தூனிடம் உண்மையை யார் சொல்வது என்ற கேள்வி வரும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் காகிதத்தை வாங்கி மற்றப் படிவங்களின் கட்டோடு வைத்துவிட்டேன், யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

நேற்று அந்தப் படிவம் திரும்பி வந்தது, 33ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அர்வா, “ரிஹாப், இது உன் கண்ணு முன்னாடியா நடந்துச்சு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ரெண்டு நாள் போச்சே. நாளைக்கு அவரை மட்டும் கூட்டிட்டு வா, நானே உக்காந்து சொல்றேன்” என்றார், அதற்கு மேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை கண் பரிசோதனை என்று தாத்தாவிடம் பொய் சொல்லி அவனைக் கூட்டிப் போனேன். டாக்டர் சொல்லி முடித்தபின் பெரியவர்களுக்கான படிவத்தை அவன் தானே படிக்கிறேன் என்றான். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதால் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நான்கு பக்கமும் படித்தான். இரண்டு வருடம் முன்பு அதை நம் மொழியில் எழுதியது நான், முன்பின் தெரியாத யாரோ படிப்பதற்காக. ‘இந்தக் கட்டியைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை’ என்ற வரிக்கு அன்று அரை நாள் யோசித்தேன், சரியான வரி என்று திருப்திகூடப் பட்டேன். அவன் நிமிர்ந்து, “யாரு எழுதினது? சுத்தி வளைக்காம இருக்கு” என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பிறகு அவன், சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை தரப்படும் என்ற வரியைத் தொட்டுக் காட்டி, “நீங்க குடுக்கறது மருந்தா வெறும் மாவான்னு எனக்குத் தெரியுமா?” என்று கேட்க, டாக்டர், “உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அப்படித்தான் இதைச் சோதிக்க முடியும்” என்றார். “பரவாயில்ல, எங்க வீட்டுக்குப் பழகின முறைதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அப்போதுதான் மேஜையில் கிடந்த பழைய படிவத்தைப் பார்த்தான். சிவப்பு வட்டத்தைப் பார்த்துச் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. வண்டியில் ஏறியதும், “எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் அண்ணி, அவரு தாங்கமாட்டாரு” என்றான். ஆகவே இப்போது நானும் நீயும் இரண்டு பக்கமும் வாய் திறக்க முடியாது. நாளைக் காலை ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அணுக்கள் குறைந்திருந்தால் மருந்து கிடையாது, வேறு தவணையும் கிடையாது. மாலையிலிருந்து ஒரே துணியை மூன்று முறை மடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவனோடு பேசும்போது அழாதே, உன் ஊர்த் துறைமுகத்தில் கடல் ஏன் உறைவதில்லை என்று கேள், அரை மணி நேரம் பேசுவான். தடித்த கம்பளிக் காலுறை வாங்கிக்கொள், குளிர் வரும்வரை காத்திருக்காதே. இறைவன் உன்னைக் கண்போலக் காக்கட்டும், நீ போகும் வழியெல்லாம் நல்லவர்களே எதிர்ப்படட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் அம்மா
ரிஹாப்

வியாழன், மதியம்: ரத்த அணுக்கள் போதுமான அளவு இருந்தன. பதினொன்று இருபதுக்கு முதல் மாத்திரை கொடுத்தார்கள். தாத்தா கூடத்தில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் அப்பாக்களிடம், மகனுக்காகக் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.