பூஜையில் வைத்த விடைப் பக்கம்

கன்னி மாதம் 12, சனி
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. கொலுவுக்கு மூன்றாம் நாள். சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் வாங்க வேண்டியது: வெள்ளைக் கடலை, பயறு, சூடம், ரவிக்கைத் துணி.

மருமகள் ரேவதி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறாளாம். அடுத்த ஞாயிறு. ஹரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உத்தியோகம். மாதிரிக் கேள்விப் புத்தகம் ஒன்று, செங்கல் கனம். கணக்கு, அறிவியல், சமூகம், தமிழ், எல்லாம் அதற்குள்.

"அம்மா, நான் சமைக்கறச்சே நீங்க கேள்வி கேளுங்கோளேன்" என்றாள். எட்டாவதோடு நின்றவளிடம். மற்றதெல்லாம் நானாகப் படித்தது, மலையாள எழுத்து பஸ் போர்டில். சரி என்றேன். விடைப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டேன். முகம் சுருங்கிற்று. "எட்டிப் பார்த்தா எப்படிடீ மனசுல நிக்கும்?" போனில் தேடக் கூடாது என்றும் சொன்னேன். தலையாட்டினாள்.

பாஸானால் வேலை. வேலை வந்தால் ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் தனி ஃப்ளாட், ஹரி ஆபீஸுக்குப் பக்கத்தில். கதவுக்குப் பின்னால் இருவரும் பேசியது காதில் விழுந்தது. பகவானே, நீ பார்த்துக்கொள்.

கன்னி 14, திங்கள்
வெயில். இன்று அறிவியலும் கணக்கும். இதயத்துக்கு எத்தனை அறை?

"நாலு."

விடையும் நாலுதான். தப்பு என்றேன். சும்மா, என்ன செய்கிறாள் பார்க்க.

தேங்காய் துருவும் கை நின்றது. "மூணா?"

"யோசிச்சுச் சொல்லு."

முக்கோணத்தின் கோணங்கள், மின்னோட்டத்தின் அலகு. சரியானதற்கும் தப்பு. ஐந்தாறு கேள்விக்குள் தெரிந்ததையே மாற்றி மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சாம்பாரில் உப்பில்லை. ஹரி உப்புப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

விளக்கேற்றும்போது யோசித்தேன், இது பொய்யா என்று. திடமில்லாதவள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாள்? பொய் இல்லை. நானும் ஒரு பரீட்சை வைக்கிறேன், அவ்வளவுதான். நூற்றெட்டு நாமம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

கன்னி 16, புதன்
மறுபடி மழை. பக்கத்து வீட்டுப் பார்வதி மாமி நாலு பேரோடு கொலு பார்க்க வந்தாள். வந்தவர்கள் பாடினார்கள். வீட்டு மருமகளும் பாட வேண்டும். இவளுக்குக் குரல் கிடையாது.

"பாட்டு வராது. பரீட்சைக்குப் படிக்கறா, கேள்வி வேணா கேட்கலாம்" என்றேன்.

"கேளேன் லக்ஷ்மி, நன்னாப் பொழுது போகும்" என்றாள் மாமி.

கேட்டேன். தப்பு. சிரிப்பு. இன்னொன்று. தப்பு. இன்னும் பெரிய சிரிப்பு. "வாத்தியாரம்மா, பிள்ளைகள் உன்னை உட்கார வச்சுப் பாடம் எடுக்கும், கேட்டியா?" என்றாள் மாமி. ரேவதி சுண்டல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடலை தரையில் சிந்திற்று; பொறுக்கினாள். எல்லோரும் போனபின் போனை எடுத்துக்கொண்டு கொல்லையில் போய் நின்றாள். தன் அம்மாவிடம் அழுவாள். அழட்டும்.

கன்னி 17, வியாழன்
அஷ்டமி. சாயந்தரம் பூஜை வைப்பு. புத்தகங்களை அம்பாள் முன் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திவிட்டால், விஜயதசமி காலை வரை படிப்பில்லை, எழுத்தில்லை. தசமி சனி. தேர்வு ஞாயிறு.

"இந்த ஒண்ணு மட்டும் வெளியில இருக்கட்டுமே, அம்மா."

"அச்சடிச்ச காகிதம் ஒண்ணுகூட வெளியில இருக்கப்படாது. நம்மாத்து வழக்கம்."

ஹரி, "ரெண்டு நாள்தானே ரேவதி" என்றான். என் பிள்ளை.

கொண்டுவந்து வைத்தாள். நகரவில்லை. "விடைப் பக்கமும் அச்சுதானேம்மா?" தலையணைக்கடியிலிருந்து எடுத்து அவள் கண்ணெதிரே வைத்தேன். வழக்கம் வழக்கம்தான். இந்த நோட்டும் இப்போது உள்ளே.

கன்னி 19, சனி
பூஜை எடுத்தாயிற்று. நேற்றையதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்று மாமி பெரிய கூட்டமாகக் கூட்டிவந்தாள். "எங்கே வாத்தியாரம்மா?" நினைவிலிருந்த ஒன்றைக் கேட்டேன், கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறு எத்தனை?

"மூணு."

"தப்பு." நாக்குப் பழக்கம்.

"நாலு?" தப்பு. "ரெண்டு?" தப்பு. "அஞ்சு? ஆறு? ஒண்ணு?" சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ரேவதி குங்குமச் சிமிழோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையிடம் பேசுகிற குரல். "எல்லாம் தப்புன்னா எதும்மா சரி? அம்மாவுக்குத் தெரியாததா, சொல்லுங்கோ."

மூன்றுதான். எனக்குத் தெரியும். அதைத்தான் முதலில் தப்பு என்றேன்.

"விடைப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கோளேன். ஓ, பூஜையில இருக்கோ? தொடப்படாதே."

"போட்டே, விடு, லக்ஷ்மிக்கு மறந்துடுத்து" என்று மாமி எழுந்தாள். வாசலைத் தாண்டியபின் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரை என்று சந்தேகமில்லை.

இன்று காலை பட்டுத்துணியை எடுத்ததும் அவரவர் புத்தகத்தில் நாலு வரி வாய்விட்டுப் படிக்க வேண்டும். ரேவதி விடைப் பக்கத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதயத்துக்கு நாலு அறை. நிறுத்தி என்னைப் பார்த்தாள். அலகு ஆம்பியர். நிறுத்தினாள். "புதன்கிழமையே போன்ல பார்த்துட்டேம்மா" என்றாள். நாலு வரியோடு விடவில்லை. பக்கம் முழுக்கப் படித்தாள். நைவேத்தியம் ஆறிப்போயிற்று. அம்பாள் எதிரில் எழுந்துபோக முடியுமா, உட்கார்ந்திருந்தேன்.

ஹரி ரேவதி பக்கத்தில் வந்து நின்றான். "நாளன்னிக்கு லீவு போட்டிருக்கேன். வீடு பார்க்கப் போறோம்" என்றான்.

கன்னி 20, ஞாயிறு
மழை இல்லை. பால் வாங்க வேண்டும். கொலுப் படி பிரிக்க ஆளில்லை.

ரேவதி நமஸ்காரம் பண்ணினாள். திருநீறு எடுத்தேன். எழுந்திருக்காமல் முழங்காலிலேயே இருந்தாள்.

"நான் பாஸ் பண்ணிடுவேன் அம்மா. தப்புன்னு ஒரு தடவை சொல்லுங்கோ. நீங்க தப்புன்னா அது சரியாத்தான் இருக்கும்."

வாசலில் ஹரி பைக்கை ஓடவிட்டு நின்றான். உள்ளே வரவில்லை.

"சொல்லுங்கோ. நாழியாறது."

சொன்னேன்.