வளையம் மெலிந்த வருசம்

நேற்றுப் பின்னேரம் மழை விட்டதும் கரண்ட் போய்விட்டது. அலுமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டுத் துழாவி, அகப்பட்ட ரோச் லைற்றை எடுத்து அழுத்தினேன். அறை முழுக்கச் சிவந்து போனது. நத்தார் நட்சத்திரக் கூடு கட்டி மிஞ்சிய சிவப்புக் கண்ணாடிக் கடதாசியை நீங்கள்தான் அதன் வாயில் சுற்றி இறப்பர் போட்டு வைத்தீர்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும் என்பீர்கள். கடதாசியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு வெளிச்சத்திலேயே இருந்து பாணைச் சாப்பிட்டு முடித்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு உங்களுக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு நின்றபோது ஒரு சொல்லும் வரவில்லை. சுற்றி நின்ற சனமெல்லாம் தங்கள் தங்கள் ஆட்களோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றது. நான் காற்றுக்குத் திரி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். நேற்று இந்த வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் உங்களோடு கதைக்க வாய் வந்தது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் அல்ல. கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டுதான்.

தலைமன்னாரில் இருந்து தள்ளாடி வரைக்கும் எத்தனை கூரைகளில் ஏறி டிஷ் பூட்டியிருப்பீர்கள். வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பார்த்துக் கிண்ணியைத் திருப்பி, ஒரு விரலால் கொஞ்சம் தள்ளி, கீழே வீட்டுக்காரரைப் பார்த்து "படம் வருதோ?" என்று கத்துவதுதான் உங்கள் தொழில். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணுக்கு ஏறிய பிறகு ஏணியை விட்டீர்கள். கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி, "அண்ணா, உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, அனுப்புறன்" என்று கேட்டபோது நான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நல்ல கட்டில் கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

"இவ்வளவு காலமும் மேல பாத்து மேல பாத்துத்தான் சோறு திண்டனான். அங்கை என்ன கிடக்குதெண்டு ஒருநாளும் பாக்கேல்லை" என்றீர்கள்.

அப்படித்தான் அந்தக் கொம்பியூட்டர் தொலைநோக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது. பெட்டியின் மேல் சனியின் படம். நடுவில் மஞ்சள் உருண்டை, சுற்றிவர அகலமான வளையம். நீங்கள் அந்தப் படத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதை ஒருக்கா என்ர கண்ணால பாக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்" என்றீர்கள். இடக்கண்ணில் அப்போதே பார்வை இல்லை. வலக்கண்ணுக்கு யாழ்ப்பாணத்து டொக்ரர் எந்த உத்தரவாதமும் தரவில்லை. போதாததற்கு, போனில் யாரோ விளக்கிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, சனியின் வளையம் எங்களுக்குத் தெரிகிற சாய்வு வருசா வருசம் குறைகிறதாம், கொஞ்சக் காலத்தில் தெரியாமலே போய்ப் பிறகுதான் திரும்ப விரியுமாம் என்று வந்து சொன்னீர்கள்.

"அங்காலையும் மெலியுது, இஞ்சாலையும் மெலியுது. கெதியாப் பாக்கோணும்" என்றீர்கள், பகிடி போல. நான் சிரிக்கவில்லை.

முதல் நாள் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கந்தோரில் கடிதம் எழுதுகிற கிளாக்காக இருந்தவள் என்றபடியால் இங்கிலீசுப் புத்தகம் வாசிப்பது என் வேலை, பூட்டுவது உங்கள் வேலை. ரிமோட்டில் ஓடுகிற சின்னச் சிவப்பு எழுத்தும் உங்களுக்குத் தெரியாது, அதையும் நான்தான் வாசித்தேன். பேர் தெரிந்த வெள்ளி இரண்டை, நட்சத்திரம் இரண்டை, அதற்குக் காட்டிக்கொடுத்தால், மிச்ச வானத்தை அதுவே பிடித்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. பட்டனை அழுத்தினோம். மோட்டார் சிணுங்கிச் சிணுங்கிக் குழாயைத் திருப்பி, குனிந்து, கோழிக்கூட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகுதான் பார்த்தால், உங்கள் தம்பி அங்கே சரிபார்த்துவிட்டு அனுப்பியதில், தான் இன்னும் ரொறன்ரோவில் நிற்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

"தம்பி அங்கை இருந்துகொண்டு இஞ்சத்தை நினைப்பு. இது இஞ்சை வந்து நிண்டுகொண்டு அங்கத்தை நினைப்பு" என்றீர்கள். அன்றைக்கு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தச் சாமானுக்குப் பக்கத்தில் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊர் வரைபடத்தில் நிற்கிற பாகையையும் நேரத்தையும் போட்டுச் சரிசெய்தால், மணலில் முக்காலி புதைந்தது. எங்கள் ஓலைத்தொடுவாய் மணலில் எதுதான் நேராக நிற்கும்? நீங்கள் விடவில்லை. முற்றத்தில் மூன்று குழி வெட்டி, சீமெந்து குழைத்து ஊற்றி, ரசமட்டம் வைத்துத் தடவித் தடவிப் பார்த்து, மூன்று காலுக்கும் மூன்று வட்டம் கட்டினீர்கள். டிஷ் கம்பத்துக்குக் கட்டிய அதே கட்டு. கடல் வந்தாலும் அசையாது என்றீர்கள். அடுத்த நாளே தெருவில் திரிகிற கழுதை ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து முக்காலியில் முதுகு உரசிவிட்டுப் போனது. அதையும் சரிசெய்தோம்.

சரிசெய்ய முடியாமல் போனது உங்கள் விரலைத்தான். இரண்டு வெள்ளியையும் காட்டிக்கொடுத்துவிட்டுச் சனி என்று அழுத்தினால் அது திரும்பிப் போய் நிற்கும். கண் வைக்கிற கண்ணாடியில் பார்த்தால் வெறும் இருட்டு. மயிரிழை தள்ளி நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தித்தான் நகர்த்த வேண்டும். நீங்களோ அதற்குள் திருகாணியைத் தளர்த்தி, குழாயின் முதுகில் விரல் வைத்து, டிஷ்ஷைத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளுத் தள்ளிவிடுவீர்கள். கையால் தள்ளியது அதற்குத் தெரியாது. தான் முதல் நின்ற இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கேட்கிற எதையும் பிழையான இடத்திலேயே காட்டும். சனிக்கு வந்துவிட்டேன் என்று எழுத்தில் வேறு சொல்லும்.

"கை வைக்காதேங்கோ எண்டு புத்தகத்தில போட்டுக் கிடக்கு."

"புத்தகம் எழுதினவன் ஒரு டிஷ்ஷாவது பூட்டியிருப்பானோ?"

"இது டிஷ் இல்லை."

"வானம் ஒண்டுதானே."

எத்தனை பின்னேரங்களை இப்படித் தின்றோம். ஒருநாள் தெற்குக் கரையில் காற்றாலையின் சிவப்பு விளக்கைக் கண்ணாடியில் பிடித்துவிட்டு, "இந்தா, செவ்வாய்" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். அது விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. செவ்வாய் ஏன் கண்ணடிக்கிறது என்று நான் பகிடிக்குக் கேட்டேன். நீங்கள் கதிரையில் போய் இருந்துவிட்டீர்கள். எரிகிறதும் அணைகிறதும் உங்களுக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயை ஏன் திறந்தேன் என்று இருந்தது. அடுத்த நாளில் இருந்து நீங்கள் திருகாணியில் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டீர்கள். அது எனக்கு வெற்றியாகப் படவில்லை.

பிறகு சோளகக் காற்று ஓய்ந்து, வாடை மழை தொடங்க முந்தி, ஒரு பின்னேரம் எல்லாம் ஒத்துவந்தது. வெள்ளி இரண்டும் அகப்பட்டன. சனி என்று அழுத்தினேன். குழாய் கிழக்குப் பக்கம் திரும்பி நின்றது. கண்ணை வைத்தேன். இருந்தது. கோதுமை நிறத்தில் சின்ன உருண்டை, அதற்குக் குறுக்கே நேராக ஒரு கோடு. ஈர்க்கில் குத்திய நெல்லிக்காய் போல. அகலம் ஒன்றும் இல்லை. அந்த வருசம் வளையம் அவ்வளவுக்கு மெலிந்துவிட்டது. ஆனாலும் அது சனிதான், வளையம்தான். என்ன கண்டேன் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் விலகி நின்றேன். நீங்களே பார்த்து, நீங்களே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உங்கள் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் விட்டேன். வலக்கண்ணை வைத்தீர்கள். கொஞ்சம் விலத்தினீர்கள், திரும்ப வைத்தீர்கள். உங்கள் கை என் முழங்கையைப் பிடித்தபடி இருந்தது. அந்தப் பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.

"தெரியுதோ?" என்றேன்.

"ஓம், தெரியுது" என்றீர்கள். "சுத்திவர நல்ல அகலமான வளையம். தொப்பி விளிம்பு மாதிரி. வடிவா இருக்கு."

பெட்டியில் இருந்த படத்தைச் சொன்னீர்கள்.

நீங்கள் விலகியதும் நான் திரும்பப் பார்த்தேன். சனி நடுவில்தான் நின்றது, அதே கோடு, அதே ஈர்க்கு. "நல்லது. இனிக் கழட்டி வைப்பம், பனி விழுது" என்றீர்கள். உள்ளே போய்த் தம்பிக்குப் போன் எடுத்து, அதே வார்த்தைகளைச் சந்தோசமான குரலில் சொன்னீர்கள். அவர் அந்தப் பக்கத்தில் அழுததை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அதற்குப் பிறகு தொலைநோக்கியைப் பூட்டச் சொல்லி நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. தவக்காலத்தில் ஒரு விடிய, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எழுப்பினேன். எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

செத்த வீட்டுக்குத் தம்பியால் வர முடியவில்லை. போனில், "அண்ணாவுக்கு அதையாவது காட்டிப்போட்டன் அண்ணி, அந்த ஒரு ஆறுதல்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு கிழமையும் அதையே சொல்கிறார்.

எனக்கு அந்த ஆறுதல் இல்லை. ஆனால் முழுதாக இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஒருவேளை நான்தான் பிழையோ? அன்றைக்குப் பதற்றத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தானே பார்த்தேன். ஒருவேளை அது அகலமாகத்தான் இருந்ததோ, நீங்கள் கண்டதைத்தான் சொன்னீர்களோ? இந்த ஒரு கேள்வியை நான் மாதக்கணக்காக வயிற்றில் வைத்துக்கொண்டு திரிகிறேன். திரும்ப ஒருமுறை, ஆறஅமர, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும். வளையம் அகலமாக இருந்தால் நீங்கள் கண்டுவிட்டுத்தான் போனீர்கள். அதற்குத் துணிவு வராமல்தான் தொலைநோக்கி கிடக்கிற அலுமாரியை நேற்று வரைக்கும் திறக்காமல் இருந்தேன்.

நேற்று ரோச் கையில் இருந்தது, ஊர் இருட்டாக இருந்தது, மழை கழுவிய வானம் சுத்தமாக இருந்தது. இன்றைக்கு இல்லை என்றால் இனி இல்லை என்று எழும்பினேன். தொலைநோக்கியின் மோட்டார் ஓடுவதற்குப் பற்றறி ஒன்று அடுத்த வீட்டு ஓட்டோக்காரரிடம் கேட்டேன். தன் ஓட்டோவில் இருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவர் மேல இருந்து பாத்துக்கொண்டுதான் இருப்பார் அக்கா" என்றார். நல்ல மனுசன், நல்லதற்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே என்ன இருக்கிறது என்று அவரை விட நான் பார்த்திருக்கிறேன்.

சீமெந்து வட்டங்களில் மூன்று காலும் போய் இருந்தன. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நீங்கள் கட்டியது இன்னும் மட்டமாகத்தான் இருக்கிறது. அதைக் கண்டதும் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ரிமோட்டைப் போட்டதும் நீங்கள் சொல்லச் சொல்ல நான் பதிந்த ஊர் அப்படியே வந்தது. நேரத்தையும் திகதியையும் போட்டேன். தெற்கே ஒரு வெள்ளி, வடமேற்கே ஒரு வெள்ளி. இரண்டையும் அம்புக்குறியால் நடுவுக்குக் கொண்டுவந்தேன். திருகாணியில் கை வைக்கவில்லை. சனி என்று அழுத்தினேன். மோட்டார் சிணுங்கியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

உருண்டை மட்டும் இருந்தது.

வளையம் இல்லை. அகலமும் இல்லை, ஈர்க்கும் இல்லை. பிழையான இடத்தில் நிற்கிறதோ என்று முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். திரும்பவும் அதே மொட்டை உருண்டை. கனநேரம் பார்த்த பிறகு, இரண்டு பக்கமும் தூசி மாதிரி ஒரு கீற்று இருக்கிறதோ இல்லையோ என்று தோன்றியது. அப்போதுதான் நீங்கள் அன்றைக்கு வந்து சொன்னது ஞாபகம் வந்தது. தெரியாமலே போகிற வருசம் இந்த வருசம். திரும்ப விரியும் என்றும் சொன்னீர்கள். விரியட்டும். அது விரிகிறபோது அன்றைக்கு எப்படி இருந்தது என்று யாரிடம் கேட்பது? நான் கேட்க வந்த கேள்விக்கு வானத்தில் பதில் இல்லை. பதில் எனக்கு முதலே தெரியும். நீங்கள் காணவில்லை. ஆசைப்பட்ட அந்த ஒன்றையும் காணாமல்தான் போனீர்கள், அதையும் எனக்குச் சொல்லாமல் போனீர்கள்.

கழற்றிக்கொண்டு நிற்கும்போது கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் போனும் அடித்தது. உங்கள் தம்பி.

"என்ன அண்ணி, மூச்சு வாங்குது?"

"ரெலஸ்கோப் பூட்டினனான்."

அவர் குரல் மாறிக் கேட்டார். "சனி தெரிஞ்சதோ? வளையம்?"

நான் முற்றத்தைப் பார்த்தேன். மூன்று வட்டமும் மழைத் தண்ணீரில் மினுங்கின. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். அன்றைக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"ஓம், தெரியுது" என்றேன். "சுத்திவர நல்ல அகலமான வளையம். தொப்பி விளிம்பு மாதிரி."

"அண்ணா சொன்ன மாதிரியே?"

"ஓம் தம்பி. அவர் சொன்ன மாதிரியேதான்."