இருபத்தெட்டு மஞ்சள் மாத்திரைகள்

மயிலாப்பூர்,
தாரண வருஷம், ஐப்பசி 12

பட்டாளத்து மாப்பிள்ளை இசக்கிமுத்துவுக்கு, மச்சான் பஞ்சாட்சரம் ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கே நான், என் தங்கையும் உன் சம்சாரமுமான காமாக்ஷி, உன் மகள் தேவானை, என் ஜட்காக் குதிரை நால்வரும் க்ஷேமம். உன் க்ஷேமத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதற்காகத்தான் மூன்றாம் கிளாஸோடு விட்ட எழுத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன்.

இது தபாலில் வரவில்லை. தபாலில் போட்டால் உங்கள் ஆபீஸில் பிரித்துப் படித்து மை பூசிவிடுவார்களாம். லாடம் அடிக்கிற அப்துல் கய்யூமின் மகன் மெஹபூப் அலி லீவு முடிந்து உங்கள் பக்கம் திரும்புகிறான். அவன் கையில் கடிதமும் ஒரு தகர டப்பாவும் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். உன் அவசரம் எனக்குத் தெரியும், தாலி கட்டும்போதே மூன்றாம் முடிச்சை மறந்தவன் நீ.

தேவானைக்கு லேசான காய்ச்சல் என்று ஆவணியில் வேறொருவரை விட்டு எழுதச் சொன்னேன். லேசு இல்லை மாப்பிள்ளை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் நான் வண்டியை அவிழ்க்கிற நேரத்துக்குச் சரியாக நடுக்கம் வரும். கோணி, என் வேட்டி, குதிரைக் கம்பளி எல்லாம் போர்த்தினாலும் பல் கிட்டிக்கொள்ளும். அந்த நடுக்கத்திலும், "குதிரை நாத்தம் அடிக்குது மாமா, நீ வந்துட்டியா?" என்று கேட்டது. என் வாய் அதற்கு.

முறைக் காய்ச்சல்தான், மலேரியா, கொய்னா மருந்து கொடுத்தால் போய்விடும் என்றார் டாக்டர். கொய்னாவுக்கு எங்கே போவது? ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து அது வருவதில்லையாம். இருப்பதிலும் பட்டாளத்துக்குப் போக மிச்சம்தான் ஊருக்கு என்று சர்க்கார் பங்கு வைத்திருக்கிறது. ஏழு வயசுப் பெண்ணுக்குத் துப்பாக்கி தூக்க வராது, அதனால் அதன் காய்ச்சல் பந்தியில் கடைசி. கடைத்தெருவில் மறைவாக விற்கிறார்கள், அதில் பாதி மாவு என்று கேள்வி.

ஆகவே தர்ம வைத்தியசாலைக்குத்தான் போனோம். பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். முதல் பாட்டில் கசந்தது. இரண்டாவது கொஞ்சம் குறைவு. மூன்றாவதைத் தேவானை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. அங்கேதான் எனக்குத் தட்டியது. கொய்னாவை இன்னும் கேட்கிற குழந்தை உலகத்தில் உண்டா?

மறுநாள் வைத்தியசாலை வாசலில் நின்று, வெளியே வந்தவர்கள் பாட்டிலையெல்லாம் வாங்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். பதினோரு பேர் மருந்தைக் குடித்தவன் இந்த மெட்ராஸில் நான் ஒருவன்தான். ஒரு அம்மாள், "இன்னாய்யா, இது சாராயக்கடைன்னு நெனச்சிக்கினியா?" என்றாள். பதினொன்றில் ஒன்றுகூடக் கசக்கவில்லை.

கொய்னா கம்பவுண்டர் மடியில் போகிறது என்று முடிவு கட்டி, நேரே உள்ளே போய் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. மாசத்துக்கு வருகிற கொய்னா முப்பது பேருக்குத்தான் சரியாகக் காணும் என்றார். பிறகு வரிசையைக் காட்டினார்.

"நூறு பேர் நிக்கிறாங்க. யாரைப் போன்னு சொல்லட்டும்? நீ கை காட்டு, அனுப்பிடறேன்."

திரும்பிப் பார்த்தேன். சாராயக்கடையா என்று என்னைக் கேட்ட அம்மாளே இடுப்பில் இன்னொரு பிள்ளையோடு மறுபடி நின்றிருந்தாள். நானும் போய் வரிசைக் கடைசியில் நின்றுகொண்டேன். இதைச் சொன்னால் காமாக்ஷி நம்பவே மாட்டேன் என்கிறாள்.

அப்படியும் என் சந்தேகம் விடவில்லை. ஒரு வாரம் கம்பவுண்டர் வீட்டுத் தெருவிலேயே சவாரிக்கு நின்றேன். ஒரு நாள் கதவு திறந்திருந்தது. அவர் சம்சாரம் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். தலைமாட்டில் அதே வெளிறிய மிக்சர்.

அந்தச் சமயத்தில்தான் உன் டப்பா வந்தது, ஊருக்கு வந்த உன் பட்டாளத்து ஆள் ஒருவன் மூலமாக. குழந்தைக்குத் தினம் ஒன்று கொடுக்கவும் என்று ஒரு சீட்டு, உள்ளே இருபத்தெட்டு மஞ்சள் மாத்திரைகள். என்ன மாத்திரை, எங்கே கிடைத்தது, ஒரு வார்த்தை இல்லை. சிலதின் ஓரம் கரைந்திருந்தது. இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. யாரோ உன்னை ஏமாற்றிப் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன்.

காமாக்ஷி உன் பேச்சைத் தட்டுவாளா? கொடுத்தாள். நடுக்கம் நின்றது. ஐந்தாம் நாள் குழந்தை உடம்பெல்லாம் மஞ்சள். காமாலை என்று பயந்து மாத்திரையை நிறுத்தி, மோரில் கீழாநெல்லியும் உப்பில்லாக் கஞ்சியும் ஆரம்பித்தோம். உன்னையும், உனக்கு மாத்திரை கொடுத்தவனையும், அவன் பரம்பரையையும் நான் திட்டியது கபாலி கோயில் குளத்து மீனுக்குக்கூடக் கேட்டிருக்கும். பத்து நாளில் நடுக்கம் திரும்பி வந்தது.

அதற்குள் மெஹபூப் அலி லீவில் வந்தான். குதிரைக்கு லாடம் மாற்றப் போன நான் அவன் முகத்தைப் பார்த்து, உனக்குமா காமாலை, வா என் தங்கை கஞ்சி வைத்திருக்கிறாள் என்றேன். அவன் சிரித்தான். அது காமாலை இல்லையாம். கொய்னாவுக்குப் பதிலாகப் பட்டாளத்தில் தினம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்களாம், அதன் சாயம்தானாம். ஹவில்தார் எதிரில் நின்று விழுங்க வைப்பாராம்.

"நாக்குக்கு அடில ஒதுக்கி வச்சிக்கினு அப்பால துப்பிடறவனும் கீறான் மாமா. அவனுங்கதான் மொதல்ல ஆஸ்பத்திரில படுக்கறானுங்க."

குதிரைக்கு மூன்று காலோடு லாடத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, டப்பாவைத் திறந்து, அந்த எச்சிலில் ஓரம் கரைந்த மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்னும் எத்தனை கொடுக்கலாம் என்று கேட்க மறுபடி வைத்தியசாலைக்குப் போனேன். மேல்துண்டுக்குள் டப்பாவை இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னும் பின்னும் காலிப் பாட்டில்கள். திருடனைத் தேடி வந்த இடத்தில் மருந்தை ஒளித்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கம்பவுண்டர் டப்பாவைப் பார்த்தார், எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. இன்னும் ஏழு போதும், ஏழே ஏழு என்றார். அப்படியே கொடுத்தோம். பன்னிரண்டு நாளாக நடுக்கம் இல்லை. தேவானை நேற்று குதிரைக்கு ஊற வைத்த கொள்ளைத் தின்றுவிட்டது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் கடைசிக் கடிதத்தில் ஜலதோஷம், கை வலி, அதனால் சிநேகிதன் எழுதுகிறான் என்று இருக்கிறது. அந்தச் சிநேகிதன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜலதோஷக்காரன் கையெழுத்துக்கு ஆள் வைப்பானா? காமாக்ஷிக்கு நான்தான் படித்துக் காட்டினேன், சந்தேகத்தைச் சொல்லவில்லை. ஆனால் அவள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படிக்கத் தெரியாதவள் அவ்வளவு நேரம் என்ன பார்த்தாள் என்று தெரியவில்லை.

மிச்சம் பதினாறு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அவை உன்னுடையவை. தேவானைக்கு இனி வேண்டாம். வேண்டியிருந்தாலும் உன்னிடம் கேட்க மாட்டேன், இன்னும் இருபது கம்பவுண்டர்கள் காலில் விழுவேன். பட்டாளத்தில் தினம் கொடுக்கிறதையும் துப்பாமல் விழுங்கு. கசக்கும். கசந்தால்தான் மருந்து என்று பதினோரு பாட்டில் குடித்தவன் சொல்கிறேன்.

கபாலீஸ்வரரும் கற்பகாம்பாளும் உன்னைக் காப்பார்கள். அவர்களை நம்புகிறேன், உன்னை நம்பவில்லை. ஆகையால் மெஹபூப் உன் எதிரில் நின்று, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகருவான். பதிலை மட்டும் உன் கையாலேயே எழுது. ஒரு வரி போதும். உன் எழுத்து வயிற்று வலி வந்த குதிரை மாதிரி புரளட்டும், அதைப் பார்த்தால்தான் இந்த வீட்டில் சோறு இறங்கும்.

உன் வாயைத் திறக்கச் சொல்லும்
பஞ்சாட்சரம்