மேற்கணக்குக் குழாய்கள் பழைய இரும்பாகிப் போனது பற்றி

அனுப்புநர்:
இரா. அழகர்,
தோட்டத் தபால்காரர், லயத்தார் நலன்புரிச் சங்கச் செயலாளர்,
மேற்கணக்கு, வெள்ளைப்பாறைத் தோட்டம்,
ஹல்துமுல்லை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
பதுளை.

விடயம்: களவுபோன தண்ணீர்க் குழாய்களை, அவை கொழும்புக்கு லொறியேறுமுன் மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடுப்பில் ஈரத்துண்டும் தலை நிறையச் சவர்க்கார நுரையுமாகப் பெரகல வீதியில் ஒருவர் கத்திக்கொண்டு ஓடியதைப் பண்டாரவளை பஸ் முழுவதும் பார்த்துச் சிரித்தது. அந்த ஒருவர் அடியேன்தான். செய்தி தங்கள் அலுவலகம் வரை வந்திருக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் கடிதத்தைவிட வாய்ப்பேச்சு வேகமாகப் போகும் என்பதைத் தபால்காரன் நானே ஒப்புக்கொள்கிறேன். துண்டு கடைசிவரை இடுப்பில்தான் இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். வேறுவிதமாகச் சொல்பவர்கள் பஸ்ஸின் மறுபக்க ஆசனங்களில் இருந்தவர்கள்.

2. ஓடிய காரணம் வருமாறு. தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்கு மலை ஊற்றிலிருந்து இரும்புக் குழாய் வழியே தண்ணீர் வந்தது. அது வந்து விழும் இடத்தைப் பீலி என்போம். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். நான் குளித்துக்கொண்டிருக்கையில் பீலி இரண்டு தரம் விக்கி நின்றுபோனது. மேலே எவனோ விளையாடுகிறான் என்று திட்டியபடி நெடுநேரம் நுரையோடு காத்திருந்துவிட்டுக் குழாய்ப் பாதையில் ஏறினேன். குழாய் இல்லை. பாம்பு ஊர்ந்து போனதுபோல அது கிடந்த தடம் மட்டும் ஈரமாக இருந்தது. கீழே வீதியோரத்தில் இருவர் கடைசித் துண்டுகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லொறி, பழைய இரும்புக் கடை முதலாளி திரு. ப. சந்தனம் அவர்களுடையது. அதைத் துரத்தித்தான் வீதிக்கு வந்தேன்.

3. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தேன். கண்ணில் சவர்க்காரம் இருந்தவர் எப்படிக் கண்கண்ட சாட்சியாவார் என்று கேட்டார்கள். ஒரு கண்ணில்தான் ஐயா என்றேன். எந்தக் கண் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். விசாரணை அந்தக் கண்ணைத் தாண்டி இன்னும் வரவில்லை. தோட்ட நிர்வாகத்திடம் போனால், அது பொதுமக்கள் பாவிக்கும் குழாய், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். உள்ளூராட்சி அலுவலகத்தில், தோட்டத்துக்குள் கிடந்த இரும்பு தோட்டத்தின் இரும்பு என்றார்கள். ஆக, ஐயா, இருந்தவரையில் எல்லாருக்கும் சொந்தமாயிருந்த குழாய்க்கு இன்று ஒரே ஒரு உரிமையாளர்தான் இருக்கிறார். அவர் திரு. சந்தனம்.

4. இப்போது தேயிலை மலைக்கு அடியில் ஓடும் வடிகாலான கானில்தான் தண்ணீர் அள்ளுகிறோம். மலைக்குப் போடுகிற உரமும் புல்லுக்கு அடிக்கிற மருந்தும் மழைக்கு அங்கேதான் இறங்குகின்றன. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைக்காம்பராவில் விடப்படும் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டிருக்கிறது. சுதர்ஷினி என்ற கைக்குழந்தை பதுளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக் கிடக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயலெட்சுமியைத் தாய்மார் பிடித்துக்கொண்டார்கள். “காய்ச்சித்தாங்க குடுத்தேன், கான் தண்ணியக் காய்ச்சினாலும் கான் தண்ணிதானே” என்று அந்தப் பெண் மார்பிலடித்து அழுதாள். திட்டு வாங்கவேண்டியவர் அந்நேரம் கடைவாசலில் கதிரை போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

5. எங்கள் மாரியம்மன் திருவிழாவில் கரகத்தைப் பீலிக்கரையில் நீர் நிரப்பி, பூச்சுற்றி எடுத்து வருவதே வழக்கம். இந்த வருடம் பீலி வறண்டு கிடக்க, கோவில் கமிட்டியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றனர். திரு. சந்தனம் தமது லொறியில், ஆம் ஐயா, அதே லொறியில், பிளாஸ்டிக் கலன்களில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். கமிட்டி நெகிழ்ந்துபோனது. குழாயைப் பறிகொடுத்த நாங்களே அவருக்கு மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, முதல் மரியாதை கொடுத்தோம். குரல் கணீரென்று இருக்கும் என்பதால் வருடா வருடம் மைக் என் கையில்தான் இருக்கும். ‘தாகம் தீர்த்த தர்மப்பிரபு’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், வாசித்தேன். குரல் நடுங்கியதைச் சனம் பக்தி என்று எடுத்துக்கொண்டது. பரிவட்டத்தோடு மேடையிலிருந்து இறங்கியவர் என் அருகில் நின்று, “என்னாங்க தபால்காரரே, தலைய அலசியாச்சா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய களவைவிட அந்தச் சிரிப்புத்தான், ஐயா, இன்னும் வாயில் கசக்கிறது.

6. குழாய்கள் இன்னும் போகவில்லை. கடைக்குப் பின்னால் படங்கு போட்டு மூடிக் கிடக்கின்றன. அந்தப் பக்கம் கடிதம் கொடுக்கப் போகிறவன் என்பதால் தெரியும். மாதக் கடைசியில் கொழும்புக்கு ஏற்றுவதாகப் பேச்சு. உருக்குகிற இடத்துக்குப் போய்விட்டால் எந்தக் கண்ணால் பார்த்தும் பயனில்லை. ஆகவே, தாங்கள் தலையிட்டு அவற்றை உடனே தடுத்துவைத்து, எங்கள் பீலிக்கு மீண்டும் பொருத்தித் தரவும், அதுவரை பவுசர் வண்டியில் தண்ணீர் அனுப்பவும் வேண்டுகிறேன். சுதர்ஷினியை இந்த வாரம் வீட்டுக்கு விடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வருகிற பிள்ளையின் வாயில் திரும்பவும் அந்தக் கான் தண்ணீரை ஊற்ற வைத்துவிடாதீர்கள் என்று மேற்கணக்கு லயத்தார் அனைவரின் சார்பிலும் மன்றாடுகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) இரா. அழகர்

இடம்: வெள்ளைப்பாறைத் தோட்டம்
திகதி: 2006.05.22

பின்குறிப்பு: குழாய்கள் தம்முடையவை என்று திரு. சந்தனம் சாதிக்கக்கூடும் என்பதால் அடையாளம் தருகிறேன். மேலே சிவப்புப் பூச்சு இருக்கும். அது நாங்கள் அடித்தது. அதைச் சுரண்டினால் அடியில் பச்சைப் பூச்சு தெரியும். அது தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்தார் அடித்தது. எங்கள் பீலி வந்த நாளிலிருந்து கீழ்க்கணக்கில் பீலி நின்று கிடக்கிறது.