படத்தில் என் முகம் இல்லை

நேற்று ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே இருந்தவர் தோள்வலி என்று ஒரு கோயோக் வலிப்பட்டையைப் பிரித்துச் சட்டைக்குள் கைவிட்டு ஒட்டிக்கொண்டார். கற்பூரமும் தைலமும் கலந்த அந்த வாசனை மேசையைத் தாண்டி வந்ததும் என் கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றுவிட்டது. நீதான் வந்திருக்கிறாய் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அடுத்த நொடி, நான் திரும்பியதை யாராவது கவனித்தார்களா என்றும் பார்த்தேன். உனக்குத் தெரியாததா? உன் நினைவு வரும்போதெல்லாம் பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீ எந்நாளும் இரண்டு தோளிலும் கோயோக் ஒட்டியே இருந்தாய். இடைநிலைப்பள்ளி ரக்பி குழுவில் நாம் இருவரும் முன்வரிசை. எதிரணியை முட்டித் தள்ளும் ஸ்க்ரம் பிடிக்கும்போது மூன்று பேர் தோள் பின்னிக் குனிவோம். பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவன் நான், நடுவில். என் இரண்டு கைகளும் பக்கத்து ஆட்களின் முதுகைப் பற்றியிருக்கும். இடப்பக்கம் நீ. அத்தனை நெருக்கத்தில் இரண்டு வருடம் ஆடியும் உன்னைப் பற்றி எனக்குத் தெரியவேண்டிய ஒன்று தெரியவில்லை. என்னைப் பற்றி உனக்கும் தெரியவில்லை. இருவருமே அதை அவ்வளவு பத்திரமாக மறைத்துவைத்திருந்தோம்.

பள்ளி முடிந்ததும் நீ வயரிங் வேலைக்குப் போனாய். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போய், நாம் படித்த கூலிமிலேயே கணக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தேன். பதினைந்து வருடம் நாம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பிறகு அந்தக் கைப்பேசிக் குழு. பெயரைப் பார்த்தால் பூச்செடி வளர்ப்பவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், நம்மைப் போன்ற எல்லோரும் ஞாயிறு மாலை ரக்பி ஆடுகிறார்கள். இடம் கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்துத் திடல் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று ஞாயிறு அங்கே போய், செம்பனை மர ஓரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமலே திரும்பிவிட்டேன். நான்காவது ஞாயிறு இறங்கி நடந்தேன். திடல் ஓரத்தில் குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தான். நீ.

என் கால் தானாகத் திரும்பியது. "டேய், கணக்கு!" என்று நீ பள்ளிக்காலப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். உன் முகத்திலும் ரத்தம் இல்லை.

"யாரத் தேடி வந்த? நாங்க சும்மா பந்து வெளையாடறோம், அவ்ளோதான்லா."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"பந்து வெளையாட."

என்னைக் கண்டு நீ நடுங்கினாய், உன்னைக் கண்டு நான் நடுங்கினேன். அந்த வார்த்தையை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ பந்தை என் கையில் கொடுத்தாய். அதுதான் பதில் என்று புரிந்துகொண்டேன்.

பதினான்கு பேர் இருந்தோம். மலாய்க்காரர், சீனர், தமிழர். திடலில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். படம் எடுக்கக் கூடாது. சாலையில் வண்டி ஏதாவது மெதுவாகப் போனால் யாராவது 'ஹுஜான்' என்று கத்துவார்கள். மழை வருகிறதாம். உடனே கட்டிப்பிடித்திருப்பவர்கள் விலகுவார்கள், உரக்கப் பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். வண்டி போனதும் ஆட்டம் தொடரும். அப்படிப் பயந்து பயந்து ஆடிய அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் நான் திங்கள் முதல் சனிவரை மூச்சுவிட்டேன்.

நம்மில் வேகமாக ஓடுவது மேகலா. கூலிமில் துணி தைத்துக் கொடுக்கிற திருநங்கை. பிறந்தபோது வைத்த பெயரை அவள் நம்மிடம் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அவள் எந்த அணியில் ஆடுவது, பெண்கள் அணியா ஆண்கள் அணியா என்று வேறு இடங்களில் கேட்டு விரட்டியிருக்கிறார்கள். நீ கேட்டது ஒன்றுதான்: "ஓடத் தெரியுமா?"

கோத்தா கோலா மூடாவில் ஒரு நட்பு ஆட்டத்துக்கு நீ ஒப்புக்கொண்டாய். பழைய மாணவர் குழு என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தாய். அணிக்குப் பத்துப் பேர் ஆடும் ஆட்டம், பத்துப் பேர் போனோம். கடலோரத் திடல். வேலியைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள், பொரித்த மீன் கெரொபோக் தின்றபடி வேடிக்கை பார்க்கும் கூட்டம். இறங்கியதும் நான் முதலில் பார்த்தது வெளியே போகும் வழியைத்தான். ஒரே ஒரு கேட்.

அவர்கள் தலைவர் மேகலாவை மேலும் கீழும் பார்த்தார். உன்னைத் தனியே அழைத்து, எங்கள் காதில் விழும்படியே, மலாயில் சொன்னார்: அது மட்டும் ஆடக் கூடாது, எங்கள் ஆட்களுக்குச் சங்கடம்.

அப்போது வாயைத் திறந்தவன் நான்.

"ஒரு ஆட்டம்தானே. மேகலா உக்காரட்டும்லா. பெரச்சன வேணாம்."

மேகலா தரையில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"மேகலா, கயித்தக் கட்டு," என்றாய் நீ. பிறகு என்னிடம் வந்தாய். "பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான். கையப் பாரு." நீட்டிய கையாலேயே என் தோளைப் பற்றினாய். "ஆனா நடுவுல நிக்கறவன் பயந்து கைய விட்டா, கழுத்து ஒடையறது பக்கத்துல இருக்கறவனுக்குடா."

நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் தலைவரிடம் போய், ஆடினால் பத்துப் பேரும் ஆடுவோம், இல்லையென்றால் பத்துப் பேரும் வீட்டுக்குப் போவோம் என்றாய். அவர்கள் வெகுநேரம் கூடிப் பேசினார்கள். கடைசியில் அவர்களில் வயதான ஒரு வழுக்கைத்தலை ஆட்டக்காரர், விளையாட வந்தால் விளையாடுவோம், வெயில் ஏறுகிறது என்று சலித்துக்கொண்டு திடலுக்குள் நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

நன்றாகத் தோற்றோம். நமக்குப் புள்ளி வந்த ஒரே ட்ரை மேகலாவுடையது. கோட்டு ஓரமாகவே ஓடி, இரண்டு பேர் ஜெர்சியைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் போய் விழுந்து பந்தைத் தரையில் வைத்தாள். வேலியோரம் சிலர் கைதட்டினார்கள். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த வழுக்கைத்தலைக்காரர் மேகலாவிடம் தண்ணீர்ப் புட்டியை நீட்டியதை நான் பார்த்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று அப்போதுதான் தோன்றியது.

இரண்டு நாளில் அந்தப் படம் வந்துவிட்டது. வேலிக்கு வெளியிலிருந்து யாரோ எடுத்தது. நாம் ஸ்க்ரம்மில் இருக்கிறோம். உன் முகம் பக்கவாட்டில் தெளிவாக இருக்கிறது, பல்லைக் கடித்தபடி. பின்னால் மேகலா நிற்கிறாள். கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். நான் நடுவில், தலை முழுக்க உள்ளே போய், முதுகு மட்டும்தான்.

ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

"சார், பின்னால நிக்கிற வெள்ளக் காரு உங்களோடது மாதிரி இருக்கே?"

"ஊருல எத்தன வெள்ளக் காரு ஓடுது லா," என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.

"இந்த ஆளத் தெரியுமா? உங்க பழைய ஸ்கூலாம்."

"தெரியாது."

அன்று மாலை உனக்கு நானே போன் செய்து சொன்னேன். "காரு உன்னோடது இல்லன்னு சொன்னது சரிதான்டா. வேல முக்கியம்," என்றாய். பிறகு, "என்னத் தெரியும்னு மட்டுமாவது சொல்லியிருக்கலாம்," என்றாய். அதற்குமேல் அதைப் பற்றி நீ ஒருநாளும் பேசவில்லை.

படம் கரங்கானில் உன் வீடு இருக்கும் தோட்டத்துக்கும் போனது. உன் அம்மா கதவைச் சாத்தினார். யான் என்ற ஊரில் தெரிந்தவர் ஒருவர் கடைவீடுகளுக்கு வயரிங் வேலை பிடித்துக் கொடுக்க, நீ வயலோரம் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாய். அங்கிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மோட்டார் சைக்கிளில் திடலுக்கு வந்தாய் என்று மேகலா சொன்னாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் போவதையே நிறுத்திவிட்டேன். காரைக்கூட விற்றுவிட்டு வேறு நிறத்தில் வாங்கினேன்.

உனக்கு டெங்கி என்று மேகலாதான் சொன்னாள். வார்டில் உன் பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். நான் நான்காம் நாள் வந்தேன். முகம் வீங்கி, கையெல்லாம் ஊசித் தடத்தோடு கிடந்தாய். என்னைப் பார்த்ததும், "கணக்கு, பேப்பர் திருத்தி முடிச்சிட்டியா?" என்றாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்துவிட்டேன். ஆறாம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

உன்னை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டமே கூடியிருந்தது. அதில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். மேகலா வெள்ளைச் சேலையில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவளை உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். என்னை மட்டும் வழிவிட்டு வரவேற்றார்கள். ஒரு மாணவனின் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார், நீங்க எங்க இங்க? செத்தவர தெரியுமா?"

அதே கேள்வி. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது.

"என் கூட்டாளி. ஒரே டீமு."

"எந்த டீமு சார்?"

"அந்தப் போட்டோல இருக்கற டீமுதான். அவன் பக்கத்துல தல தெரியாம குனிஞ்சிருக்கறது நான்தான்."

அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் கேட்டுக்கு நடந்து போய் மேகலாவின் கையைப் பிடித்தேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். "வா, பாத்துட்டு வருவோம்," என்றேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் வழியும் விடவில்லை. தோள்களுக்கு நடுவே இடித்துக்கொண்டே போனோம். உன் அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மேகலா குனிந்து உன் காலைத் தொட்டாள்.

அதை வீரம் என்று நினைத்துவிடாதே. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து உன் அம்மா என் எண்ணைக் கேட்டு வாங்கினார். அதன்பிறகு ஞாயிறுதோறும் காலையில் போன் செய்கிறார். உன்னைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லச் சொல்கிறார், தனக்குத் தெரியாத ஒன்று. ஒவ்வொரு வாரமும் ஒன்று சொன்னேன். மேகலாவுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தது. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் நடுவர்தான் காரணம் என்று சாதித்தது. சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான். போன ஞாயிறு அதையும் சொல்லிவிட்டேன்.

"யம்மா, அவனத் தெரியுமான்னு பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நானும் அப்படித்தான்யா சொன்னேன்," என்றார். "கோயிலுல கேட்டாளுங்க. எனக்கு ஒரே புள்ள, சின்னவன் மட்டுந்தான்னு சொன்னேன். அவன் உசுரோட இருக்கறப்ப சொன்னேன்."

இருவரும் அழுதோம். வைக்கும்முன் அவர் சொன்னார்: "நேத்து பாசார்ல ஒருத்தி கேட்டாய்யா, எத்தன புள்ளைங்கன்னு. ரெண்டுன்னேன். பெரியவன் பேரச் சொன்னேன். என்னா வேல பாத்தான்னு கேட்டா. வயர்மேனு, ரக்பி ஆடுவான்னேன்."

நான் மீண்டும் திடலுக்குப் போகிறேன். பயம் குறைந்ததென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் வீட்டு வாசலில் நான் சொன்னது பள்ளிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை தலைமையாசிரியர் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதற்கென்று சொல்லவில்லை. மாற்றலாக இருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம். என்ன கேட்பார், என்ன பதில் சொல்வேன் என்று ஒத்திகை பார்த்தே நேரம் போகிறது. பாதிப் பதில்கள் கோழையுடையவை, எனக்கே தெரிகிறது. ஒன்றை மட்டும் முடிவுசெய்து வைத்திருக்கிறேன். அவர் எதைப் பற்றித் தொடங்கினாலும், நான் முதலில் உன் பெயரைச் சொல்வேன். முழுப் பெயரையும்.