பேண்டேஜ் துணி சுற்றிக்கொண்டு பஸ் இறங்கிய அக்காவுக்கு

என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்திருந்தால் இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லவே பயந்திருப்பேன். உன் மகள் பெனிட்டாவுக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறது. முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊர் எங்கே என்று தேடிப் பார்த்தேன். அன்று அணு உலைகள் உருகினவே, அந்த ஃபுகுஷிமா மாகாணம்தான். உலை இருப்பது கடற்கரையில், இவள் போகிற ஊர் மலைக்கு அந்தப் பக்கம்.

"நீங்க வேண்டாம்னு சொன்னா நான் போகல சித்தி. அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன்னிடம்தானே யோசிக்க முடியும்?

அந்த வருடம் நினைவிருக்கிறதா? பெனிட்டா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பூமி ஆடி, கடல் ஊருக்குள் புகுந்து, உலைகள் உருகியதை நாம் மூவரும் டிவியில் பார்த்தோம். நான் அறிவியல் டீச்சர் என்பதால் தெருவே என்னிடம் வந்து கேட்டது. நீயும் கேட்டாய்.

"ஏட்டி கிரேஸு, பூமி ஆடுனதும் மிஷினு தானா நின்னுட்டுன்னு சொல்லுதான். நின்னது எப்படிட்டி உருகும்?"

விறகை வெளியே இழுத்த பிறகும் அடுப்பில் கங்கு கிடக்குமே, அதைப்போல என்றேன். உலையை நிறுத்தினாலும் உள்ளே சூடு பிறந்துகொண்டே இருக்கும். தண்ணீரை ஓடவிட்டு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். வெளியிலிருந்து வந்த கரண்ட்டைப் பூகம்பம் அறுத்துவிட்டது. ஜெனரேட்டரைக் கடல் மூழ்கடித்துவிட்டது. நீ நம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்புட்டுப் படிச்சவன் கட்டுன அடுப்பு. அணைக்க முடியலையே," என்றாய்.

பிறகு அந்தச் செய்தி எல்லார் போனுக்கும் வந்தது. ஜப்பானிலிருந்து விஷமேகம் வருகிறதாம், அந்த மழையில் நனைந்தால் தோல் வெந்துவிடுமாம். பொய் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் தூறல் போட்டது. இராஜபாளையத்து டவுன் பஸ்ஸிலிருந்து நீயும் உன் பேண்டேஜ் கம்பெனிப் பெண்களும் இறங்கினீர்கள். ஒருத்தி விடாமல் தலை, மூக்கு, கை எல்லாம் வெள்ளைத் துணி. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏ தாயி, பஸ்ஸு எங்க கவுந்துச்சு? இத்தன பேருக்கா அடி?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. "அக்கா, இந்தத் துணி முழுக்க ஓட்டைதான. கொசுவே நிக்காது, கதிர்வீச்சு நிக்குமா?"

"சிரிட்டி, நல்லாச் சிரி. நிக்காதுன்னு எங்களுக்குந் தெரியும். பயந்தவ கையில என்ன இருக்கோ அதத்தான கட்டுவா?"

பெனிட்டாவின் தலையிலும் ஒரு துண்டைச் சுற்றிவிட்ட பிறகுதான் நீ காப்பியைத் தொட்டாய்.

அடுத்து கூடங்குளத்துப் பக்கம் கடற்கரை மக்கள் போராடியபோது ஞாயிறுதோறும் அவர்களுக்காக ஜெபித்தாய். அது நமக்கு ரொம்பத் தூரம் என்று நான் சொல்வேன். "நமக்குத் தூரம். அவிய பிள்ளைகளுக்கு?" என்பாய். 

இப்போது அந்தக் கேள்வி நம் வீட்டுக்கே வந்துவிட்டது. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த ஊரிலேயே வேலை பார்க்கும் சேத்தூர்ப் பெண் ஒருத்தியோடு போனில் பேசினேன். "குளிருதான் தாங்கல டீச்சர். மத்தபடி சனங்க அவங்க பாட்டுக்கு இருக்காங்க," என்றாள். ஆனால் உலைக்குப் பக்கத்தில் இன்னும் யாரும் குடிதிரும்பாத இடங்கள் உண்டு. உருகியது உள்ளேயே கிடக்கிறது. இன்றும் அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள், அக்கா. இத்தனை வருடம் கழித்தும்.

நீ வருகிற அந்தச் சாயங்கால பஸ் இன்னும் ஓடுகிறது. அது நிற்கும் சத்தம் கேட்டால் இன்னும் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன். பெனிட்டா அடுத்த அறையில் யாருடனாவது போனில் பேசிக்கொண்டிருப்பாள். அந்தக் குரல்தான் எனக்குத் துணை. அதுவும் போய்விட்டால்?

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அணு உலை என்றால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். போதகர் ஐயர்கூட, "சரியாத்தான் சொல்லுதீங்க டீச்சர்," என்றார், நம் சபையில் எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாதவர். ஆனால் உலையே இல்லாத ஒரு தேசத்தில் இதே வேலை கிடைத்திருந்தால், மனதார அனுப்பியிருப்பேனா? உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்போதும் வேறொரு காரணத்தைத் தேடியிருப்பேன்.

நேற்று அவளைக் கூப்பிட்டு, "போயிட்டு வாட்டி," என்றேன்.

"பயமா இல்லையா சித்தி?"

"இருக்கு. ரெண்டு பயம் இருக்கு. உலையப் பத்துன பயத்த நீயும் கொண்டு போ. அங்க என்ன சொல்லுதாங்க, என்ன செய்யுதாங்கன்னு விசாரிச்சுக்கிட்டே இரு. இன்னொண்ணு இந்த வீட்டுப் பயம். அது என்னோட கெடக்கட்டும்."

 அவள் சற்று நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். பிறகு பெட்டி அடுக்கினோம். ஸ்வெட்டர், பருப்புப்பொடி, உன் பைபிள். கடைசியாக உன் அலமாரியிலிருந்த பேண்டேஜ் துணி உருண்டை ஒன்றை எடுத்து ஓரத்தில் செருகினேன்.

"இது எதுக்கு சித்தி? அங்க கிடைக்காததா?" என்றாள்.

என் கையில் அதுதான் இருந்தது, அக்கா.

அங்கே பூமி ஆடுகிற நாளில் அவள் கூப்பிட்டால் பதறாமல் பேசுவேன். வந்துவிடு என்று சொல்ல வேண்டிய ஆபத்து வந்தால் சொல்வேன். இந்த வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதற்காக ஒருநாளும் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பிள்ளையை வழியனுப்பிவிட்டு வாசலில் நிற்கப்போகும்
உன் தங்கச்சி,
கிரேஸ்
ஸ்ரீவில்லிபுத்தூர்